சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும் ஏசித் தண்ணீர்: கொழும்பு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் பராமரிப்பு வேலைகளைக் கவனித்து வருவதால், அங்குள்ளவர்கள் மட்டுமன்றி, கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் தனி வீடுகளில் வசிக்கும் உறவினர்களும் சீலிங் நனைந்தவுடன் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேயாக இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். "மேல்வெளி" என்று நான் எழுதும் இடங்களில், கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலோ, மேல்தளக் கொங்கிறீற்றுக்கும் அதன் கீழ் தொங்கும் சீலிங்குக்கும் இடையிலோ உள்ள இருட்டான இடைவெளியைக் கருதுக.

எங்கட ஏசி சுவரிலதானே பூட்டியிருக்கு. அதின்ர தண்ணி சீலிங்குக்கு மேல எப்படிப் போகும்?

ஏசி அறையைக் குளிர்விக்கும்போது காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்தே பிரித்தெடுக்கிறது. 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று, கொழும்பில் சாதாரணமாகக் காணப்படும் அந்தக் காற்று, ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். ஏசிக்குள் இருக்கும் குளிர்ச்சுருள் அதைவிட மிகவும் குளிரானது. படுக்கையறைக்கு வழக்கமாகப் பூட்டப்படும் 12,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) இயந்திரம் ஈரமான நாளொன்றில் மணிக்கு ஒரு லீற்றர் அளவில் தண்ணீரை வடிக்கக்கூடும்.

சுவர் ஏசியின் வடிகுழாய் தானாக மேலே ஏறாது என்பது உண்மை. ஆனால் மேல்வெளிக்குத் தண்ணீர் சென்றடைய வேறு மூன்று வழிகள் உள்ளன. மேல்மாடி அறையின் ஏசியிலிருந்து வரும் வடிகுழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்மாடியின் சீலிங்குக்கு மேலாக ஓடலாம். சீலிங்கிலேயே பதிக்கப்பட்ட கசெற் ஏசியோ, சீலிங்குக்குள் மறைத்துக் குழல்வழி காற்றனுப்பும் ஏசியோ இருந்தால் இயந்திரம் முழுவதும் மேல்வெளியில்தான் இருக்கிறது. மூன்றாவது வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை: வெளிப்புறப் பெட்டி மொட்டைமாடியில் இருந்தால், அதை உட்புறப் பெட்டியோடு இணைக்கும் செப்புக் குழாய்கள் மேல்வெளி ஊடாகச் செல்லும், அவை குழாய்க்குள்ளிருந்து கசியாமலேயே வெளிப்புறத்தில் வியர்த்துச் சொட்டும்.

சீலிங்கில ஒரு மஞ்சள் வட்டம் வந்திருக்கு. மழைத் தண்ணியா, ஏசித் தண்ணியா?

நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீலிங்கில் படிந்திருக்கும் தூசியையும் சாயத்தையும் கரைத்துக்கொண்டு வருவதால் எந்தத் தண்ணீரும் காய்ந்தபின் தேயிலைக் கறைபோலவே தெரியும். பார்க்க வேண்டியது நேரத்தை. மழைத் தண்ணீர் மேகத்தின் நேரத்துக்கு வரும். ஏசித் தண்ணீர் நீங்கள் ரிமோட்டை அழுத்திய நேரத்துக்கு வரும். கறையின் விளிம்பைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, திகதியை அருகில் எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத இரண்டு மூன்று நாட்கள் ஏசியை வழக்கம்போல் ஓடவிட்டால் கறை கோட்டைத் தாண்டுகிறதா? ஏசியை முற்றாக நிறுத்திய நாட்களில் மழை பெய்தால் தாண்டுகிறதா? இந்த இரு விடைகளும் கிடைத்துவிட்டால் சீலிங்கை உடைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

கொழும்பில் இந்தச் சோதனைக்கு ஜனவரியும் பெப்ரவரியும் வசதியான மாதங்கள், ஏனெனில் மழை குறைவு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்தில் இடிமழையும் இரவில் ஏசியும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் குழப்பம் ஏற்படும். அப்போது ஏசியை இரண்டு மழை நாட்களுக்கு நிறுத்திப் பார்ப்பதே நேர்வழி. பெருமழையின்போது மட்டும், அதுவும் சுவரோரமாக மட்டும் நனைந்தால், இலை அடைத்த கூரைப் பீலி நிரம்பி உட்பக்கமாக வழிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடுமையான நாற்றத்தோடு, மழைக்கும் ஏசிக்கும் தொடர்பில்லாமல், ஒரே மூலையில் திரும்பத் திரும்பக் கறை வந்தால், இரவில் மேலே ஓடுகிற சத்தமும் கேட்டால், அது மரநாயின் வேலை. கொழும்புக் கூரைகளில் அவை தாராளமாகக் குடியிருக்கின்றன. அதற்காக ஏசி திருத்துபவரை அழைத்துப் பயனில்லை.

மேல்மாடி பாத்ரூம் பைப்பாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். தண்ணீர் வழங்கும் குழாய் என்றால் அது இரவு பகல் பாராமல் ஒழுகும்; கழிவுக் குழாய் என்றால் யாராவது குளித்த பின் ஒழுகும். எல்லாத் திருகுபிடிகளையும் மூடிவிட்டு நீர்மானியைக் கவனிக்கும்படி பலர் சொல்வார்கள். ஆனால் மேல்தாங்கி உள்ள வீட்டில் தாங்கி நிரம்பியதும் மானி நின்றுவிடும். தாங்கிக்குப் பிந்திய ஒழுக்கை மானி காட்டாது. எனவே படுக்கப் போகுமுன் தாங்கிக்கு வரும் குழாயை அடைத்து, நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் யாரும் தண்ணீரைப் பயன்படுத்துமுன் மீண்டும் பாருங்கள்.

கறை இருக்கிற இடத்துக்கு நேர மேலதானே ஒழுக்கு இருக்கும்?

பெரும்பாலும் இல்லை. தண்ணீர் செப்புக் குழாயின் அடிப்பக்கத்தையோ, கைமரத்தையோ, சீலிங்கைத் தாங்கும் சட்டத்தையோ பற்றிக்கொண்டு நகர்ந்து, ஒரு பொருத்து, ஒரு ஆணி அல்லது ஒரு மின்விளக்குத் துளை கிடைக்கும் இடத்தில் இறங்கும். கறையிலிருந்து சில அடி தூரத்தில், உயரமான பக்கமாக, ஏசியின் குழாய் செல்லும் பாதையில்தான் மூலம் இருக்க வாய்ப்பு அதிகம். கறைக்கு நேர்மேலே சீலிங்கை வெட்டும்படி சொல்பவரிடம், குழாய் எந்தப் பாதையில் போகிறது என்று முதலில் கேளுங்கள்.

கறையும் இல்ல, சொட்டும் இல்ல. ஒளிஞ்சிருக்கிற ஒழுக்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மிக எளிதான சோதனை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வடிகுழாயின் வெளிமுனையைக் கண்டுபிடித்து, ஈரமான இரவொன்றில் ஏசியைப் போட்டு அதன் கீழ் ஒரு வாளியை வையுங்கள். இரண்டு மூன்று மணிநேரம் ஓடியும் வாளி உலர்ந்திருந்தால், வெளியே வந்திருக்க வேண்டிய தண்ணீர் வீட்டுக்குள் எங்கோ தங்குகிறது. முன்பு வழக்கமாக நனைந்திருந்த நிலம் சில கிழமைகளாகக் காய்ந்து கிடப்பதும் அதே செய்திதான். ஒழுக்கைத் தேடுபவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் அண்ணாந்து பார்க்கிறார்கள். வெளியே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

அதன் பின் உள்ளே: ஏசி தொடங்கிய சில நிமிடங்களில் எழும் பூஞ்சண வாடை, சீலிங் சீற்றுகளின் பொருத்துக்களில் வெடிக்கும் பெயின்ட், ஆணித் தலைகளைச் சுற்றித் துருப்பொட்டு, ஒரு சீற் மட்டும் சற்றே தொய்ந்திருத்தல், மரச் சட்டத்தில் கறையான் மண். டோர்ச்சைச் சீலிங்குக்குச் சமாந்தரமாகப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டால் கண்ணுக்குத் தெரியாத தொய்வும் நிழலாகத் தெரியும்.

வெளியில குழாயால தண்ணி ஒழுங்கா வருது. எண்டாலும் சீலிங் நனையுது. எப்படி?

செப்புக் குழாய்கள் வியர்க்கின்றன. குளிரூட்டும் வாயு (காஸ்) திரும்பும் தடித்த குழாய் பெரும்பாலும் 10 பாகை அளவில் குளிர்ந்திருக்கும். இன்று வீடுகளில் உள்ள பெரும்பாலான பிரிந்த வகை ஏசிகளில் வாயு விரியும் பகுதி வெளிப்புறப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், மெல்லிய குழாயும் குளிராகவே வரும். ஆகவே இரண்டு குழாய்களுக்கும் தனித்தனியே நுரை உறை இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் உறை போட்டு, மற்றதை வெறுமையாக அதனோடு சேர்த்து நாடாவால் சுற்றிவிடும் வேலையைப் பல இடங்களில் காணலாம்.

பிரித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் குழாய்கள் இணையும் பொருத்துகள், வளைவுகள், சுவரைத் துளைத்து வெளியேறும் இடம், கம்பியால் இறுக்கிக் கட்டிய இடம் ஆகியவை. உறையில் ஒரு விரல் அகலம் பிளவு இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குழாயில் நீராகி, உறையின் உட்பக்கமாகவே ஓடி, மிகத் தாழ்ந்த இடத்தில் வந்து சொட்டும். வெளியே சுற்றியிருக்கும் வெள்ளை நாடா காற்றைத் தடுக்காது. அது வெறும் போர்வைதான். நனைந்து ஊறிய பழைய உறைக்கு மேல் புதிய நாடா சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். பழையதைக் கழற்றிக் குழாயைத் துடைத்து, குழாயின் பருமனுக்குச் சரியாகப் பொருந்தும் கறுப்பு ரப்பர் நுரை உறையைப் போட்டு, ஒவ்வொரு பொருத்தையும் பசையால் ஒட்டி மூட வேண்டும். காற்றோட்டமில்லாத மேல்வெளிக்கு மெல்லிய உறை போதாது. 19 மில்லிமீற்றர் தடிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

பகலில ஒண்டும் இல்ல. விடியக்காலமையில மட்டும் சொட்டுது. ஏன்?

பகலில் கூரையின் வெப்பம் மேல்வெளியைச் சூடாக்கி, நுரை உறையின் வெளிப்பரப்பை நீர் படியும் அளவுக்குக் குளிர விடாது. நள்ளிரவுக்குப் பின் அந்த வெளி குளிர்ந்து ஈரப்பதன் 90 சதவீதத்தைத் தாண்டும்போது, உறையின் பரப்பு ஓரிரு பாகை குளிர்ந்தாலே வியர்க்கத் தொடங்கும். அதுவரை ஏசியும் பல மணிநேரம் ஓடியிருக்கும். எனவே விடியற்காலைச் சொட்டு மெல்லிய உறையின் அடையாளம். முந்திய பதிலே இதற்கும் மருந்து.

ஏசியை நிப்பாட்டின பிறகுதான் தண்ணி கொட்டுது. இது என்ன புதினம்?

உள்ளே பனிக்கட்டி பிடித்திருக்கிறது. ஓடும்போது சுருளில் உறைந்து நின்ற நீர், நிறுத்தியதும் ஒரேயடியாக உருகி, சுருளுக்குக் கீழே தண்ணீரை ஏந்தும் நீர்த்தட்டின் கொள்ளளவையும் வடிகுழாயின் வேகத்தையும் மீறி வழிகிறது. தூசி அடைத்த வடிகட்டியும் காஸ் குறைவும் இதற்குப் பொதுவான காரணங்கள். வடிகட்டியைக் கழுவி இரண்டு நாட்கள் பாருங்கள். அதன் பிறகும் பனி பிடித்தால் காஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். மரைன் டிரைவ் பக்கம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று வெளிப்புறப் பெட்டியின் தகடுகளையும் பொருத்துகளையும் அரிப்பதால் இது கூடுதலாக நடக்கும். கசிவைத் தேடாமல் காஸை மட்டும் நிரப்பினால் அதே தண்ணீர் சில மாதங்களில் திரும்பி வரும்.

நான் சீலிங்குக்கு மேல ஏறிப் பாக்கலாமா?

அஸ்பெஸ்டஸ் கூரையோ அஸ்பெஸ்டஸ் சீலிங்கோ உள்ள வீட்டில் ஏறாதீர்கள். பழைய சீற்றுகள் மனிதப் பாரத்தைத் தாங்காது. கூரையில் கால்வைத்து உடைத்துக்கொண்டு விழுவது நடக்கக்கூடிய விபத்து. அத்துடன் அந்தச் சீற்றுகளை வெட்டுவதாலும் துளையிடுவதாலும் உலர்ந்த தும்புத்தடியால் பெருக்குவதாலும் கிளம்பும் நார்த்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கட்டாயம் வெட்டவேண்டி வந்தால் இடத்தை நனைத்து, பொருத்தமான முகமூடி அணிந்து, அனுபவமுள்ளவர் செய்ய வேண்டும்.

ஜிப்சம் அல்லது பிளாஸ்ரிக் பட்டிச் சீலிங்கில் விளக்கு ஒன்றைக் கழற்றினாலே பார்க்கும் வழி கிடைத்துவிடும். பிரதான சுவிச்சை நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும். கைத்தொலைபேசியை வீடியோவில் போட்டு, அதன் வெளிச்சத்தை எரியவிட்டு, துளைக்குள் நீட்டி நான்கு பக்கமும் மெல்லத் திருப்பினால் குழாயின் பாதை, தொங்கும் வடிகுழாய், ஈரமான உறை எல்லாம் பதிவாகும். இந்த வீடியோவைத் திருத்துபவரிடம் காட்டினால் பேச்சு மிச்சம்.

லைட்டுக்குப் பக்கத்தில ஈரம். ட்ரிப் சுவிச்சும் விழுது. திரும்பத் தூக்கிவிடலாமா?

கூடாது. அந்தச் சுற்றின் சுவிச்சையும் ஏசியையும் நிறுத்தி வைத்து, மின்னியலாளர் பார்க்கும்வரை அந்த விளக்கைத் தொடாதீர்கள். ட்ரிப் சுவிச் விழுவது தொந்தரவு அல்ல. மின்சாரம் ஈரத்தின் வழியாகக் கசிவதை அது கண்டுபிடித்திருக்கிறது.

நிறத் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லினம். எப்படிச் செய்யிறது?

கேக்குக்குப் போடும் சிவப்பு அல்லது நீல நிறத்தை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து, ஏசியின் மின்சாரத்தை முற்றாக நிறுத்திய பின், உட்புறப் பெட்டியின் நீர்த்தட்டில் மெதுவாக ஊற்ற வேண்டும். மின்பலகை இருக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதால், மூடியைக் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் இதைத் திருத்துபவரைக் கொண்டே செய்விப்பது நல்லது. நிறம் வெளிமுனையில் ஊற்றிய அளவுக்கு வந்தால் குழாய் திறந்திருக்கிறது. தாமதமாக, குறைவாக வந்தால் அடைப்போ தொய்வோ இருக்கிறது. சீலிங்கில் நிறம் தோன்றினால் விடை கையில் கிடைத்துவிட்டது. ஆனால் வெள்ளைச் சீலிங்கில் சிவப்பு நிரந்தரக் கறையாகலாம் என்பதையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை வடிகுழாயை மட்டும் சோதிக்கிறது. நிறம் ஒழுங்காக வெளியே வந்தும் சீலிங் நனைந்தால், வியர்க்கும் குழாய்களைப் பற்றிய பதிலுக்குத் திரும்புங்கள்.

போன மாசம்தான் சர்வீஸ் செய்தது. அதுக்குப் பிறகுதான் ஒழுகத் தொடங்கினது. ஏமாத்திப்போட்டினமோ?

ஏமாற்று என்று உடனே சொல்ல வேண்டியதில்லை. உயர் அழுத்தத் தண்ணீரால் சுருளைக் கழுவும்போது அதிலிருந்த சளி போன்ற அழுக்கு பெயர்ந்து வடிகுழாயின் முதல் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். தட்டைக் கழற்றிப் பூட்டும்போது வடிகுழாய்ப் பொருத்து அரைகுறையாக நின்றுவிடுவதும் உண்டு. வந்தவரை மீண்டும் அழைத்து, சுத்தமான தண்ணீரை ஊற்றி வெளிமுனையில் காட்டச் சொல்லுங்கள். இது சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய ஒன்று.

அடைப்பு அடிக்கடி திரும்பினால் குற்றவாளி சாய்வுதான். வடிகுழாய் ஒவ்வொரு மீற்றருக்கும் குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். மடிப்பு மடிப்பான நெகிழ்குழாயை மேல்வெளியில் நீளமாக ஓடவிட்டால் அது தாங்கிகளுக்கு இடையில் தொய்ந்து, ஒவ்வொரு தொய்விலும் தண்ணீரைத் தேக்கி, பாசியை வளர்க்கும். மேல்வெளிக்குள் நேரான பிவிசி குழாயே சரி. வெளிமுனையில் கரப்பொத்தானும் பல்லியும் புகாமல் ஒரு வலைத்துண்டு போடலாம், ஆனால் அதையும் இடைக்கிடை கழுவாவிட்டால் வலையே அடைப்பாகிவிடும்.

ஏசித் தண்ணியை பாத்ரூம் கழிவுப் பைப்போட சேத்திருக்கினம். பிழையா?

இடையில் தண்ணீர் நிற்கும் வளைவு இல்லாமல் நேரே சேர்த்திருந்தால் பிழை. கழிவுக் குழாயின் நாற்றம் ஏசிவழியே அறைக்குள் வரும், கழிவுக் குழாய் அடைத்தால் அந்தத் தண்ணீரே பின்னோக்கி வரக்கூடும். குழல்வழி காற்றனுப்பும் சில ஏசிகளில் விசிறி நீர்த்தட்டின் பக்கமிருந்து காற்றை இழுப்பதால், அந்த வளைவு இல்லாவிட்டால் தண்ணீர் வெளியேறவே மறுத்துத் தட்டில் நின்றுவிடும்.

மேல தட்டில தண்ணி தேங்கினா நுளம்பு வருமோ?

வரும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சிறிதளவு தெளிந்த நீரிலும் முட்டையிடும். ஒரு கிழமை முதல் பத்து நாட்களுக்குள் முட்டை நுளம்பாகிவிடும். முட்டைகள் தட்டின் பக்கங்களில் ஒட்டியிருந்து உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்தாங்குவதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்காக 2007இல் இயற்றப்பட்ட 11ஆம் இலக்கச் சட்டம் வளவின் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. சொட்டுக்கு வாளி வைத்திருப்பவர்கள் அந்த வாளியையும் மறக்கக் கூடாது.

குழாய் சரி, உறை சரி, கூரை சரி. எண்டாலும் ஏசிக் காத்துப் படுற இடத்தில மட்டும் கறுப்புப் புள்ளி வருது. என்ன செய்யிறது?

இது எல்லாவற்றிலும் சிக்கலான வகை, ஏனெனில் எங்கும் ஒழுக்கு இல்லை. ஏசியை 18 பாகையில் வைத்து, குளிர்காற்றைச் சீலிங்கை நோக்கி வீசவிட்டால், மெல்லிய சீலிங் சீற்றின் மேற்பரப்பும் மேல்வெளிக் காற்றின் ஈரம் படியும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். முதற்பதிலில் சொன்ன அந்த 25 பாகைக் கணக்கு இங்கே குழாய்க்குப் பதிலாகச் சீலிங்குக்கே பொருந்துகிறது. நீர் மேலே படிந்து, ஊறி, கீழே பூஞ்சணப் புள்ளியாகத் தெரியும்.

வெப்பநிலையை 25 அல்லது 26இல் வைத்து விசிறியைச் சேர்த்துப் போடுங்கள். காற்றுத் தகட்டைச் சீலிங்கிலிருந்து விலக்குங்கள். விளக்குத் துளைகளின் இடைவெளிகளை அடையுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் சீலிங்கின் மேற்புறத்தில், ஈரக்காற்று அடியில் புகமுடியாதபடி ஒட்டிய வெப்பக்காப்புத் தேவை. பாய்போல் உருட்டி மேலே போட்டுவிட்டு வருவது, இடைவெளியுள்ள இடங்களிலெல்லாம் அதே ஈரத்தை மறைத்துவைக்கும்.

எங்கட சீலிங்குக்கு மேல, மேல்வீட்டுக்காரற்ற ஏசிப் பைப்தான் போகுது. அவை ஒத்துக்கொள்ளினமில்ல. எப்படி நிரூபிக்கிறது?

சண்டைக்கு முன் திகதியிட்ட படங்கள். அதன்பின் முகாமைத்துவக் குழுவின் ஒருவரை வைத்துக்கொண்டு, மேல்வீட்டு ஏசியை இரண்டு நாட்கள் நிறுத்தி, இரண்டு நாட்கள் ஓட்டி, உங்கள் ஏசியையும் அவ்வாறே மாறி மாறிச் சோதியுங்கள். இரு வீடுகளின் வடிகுழாய்களும் அருகருகே சென்றால் ஒன்றில் சிவப்பும் மற்றதில் நீலமும் ஊற்றலாம். குழாய் யாருடையது, திருத்தும் செலவு யாருடையது என்பது வீட்டு உறுதிப்பத்திரத்தையும் தொடர்மாடியின் விதிகளையும் பொறுத்தது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இருவரும் பார்த்துவிட்டால் பேச்சு பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

ஒழுக்கு நிண்டுட்டுது. நாளைக்கே பெயின்ட் அடிக்கலாமோ?

பொறுங்கள். ஏசி வழக்கம்போல் ஓடிய இரண்டு கிழமைகளிலும் பென்சில் கோட்டைக் கறை தாண்டவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பெயின்டைப் பற்றி யோசிக்கலாம். தொய்ந்த ஜிப்சம் சீற் மீண்டும் நிமிராது, பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்தாலும் உள்ளிருக்கும் தாள் அழுகியே இருக்கும். அவற்றை மாற்றத்தான் வேண்டும். மற்ற சீற்றுகளில் கறைக்கு மேல் முதலில் எண்ணெய் அடிப்படையிலான பூச்சு ஒன்றை அடித்து, காய்ந்தபின் வழக்கமான பெயின்டை அடியுங்கள். தண்ணீர்ப் பெயின்டை நேரே அடித்தால் அந்த மஞ்சள் வட்டம் அதில் கரைந்து சில நாட்களில் மீண்டும் மேலே தெரியும், நீங்களும் ஒழுக்கு திரும்பிவிட்டதென்று எண்ணி என்னைக் கூப்பிடுவீர்கள்.